கட்டுப்பாடான யூதப் பயணி ஃப்ளாரன்ஸில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூத மதத்தின் அன்றாட விதிகளை விடாமல் கடைப்பிடிக்கும் ஒருவர் இத்தாலியின் ஃப்ளாரன்ஸுக்குப் போனால் என்ன சாப்பிடுவார்? சனிக்கிழமை எப்படிக் கழியும்? திரும்பிய பக்கமெல்லாம் சர்ச் இருக்கும் ஊரில் எதைப் பார்ப்பார், எதை விடுவார்? இப்படிப்பட்ட நண்பருடன் பயணம் போகிறவர்களும், சுற்றுலா ஏற்பாடு செய்கிறவர்களும், சும்மா தெரிந்துகொள்ள நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லா யூதர்களும் ஒரே அளவுக்கு விதி பார்ப்பதில்லை. இங்கே பேசுவது கறாராகப் பார்க்கிறவர்களைப் பற்றி. சந்தேகம் என்று வந்தால் அவரவர் ரபி, அதாவது யூத மதகுரு, சொல்வதுதான் முடிவு.

ஐரோப்பாவில் எத்தனையோ கலை நகரங்கள் இருக்க, ஏன் ஃப்ளாரன்ஸ்?

முதல் காரணம், ஊர் சின்னது. யூத ஜெப ஆலயத்திலிருந்து பெரிய கதீட்ரலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். அங்கிருந்து ஆற்றங்கரைக்கு இன்னும் கொஞ்ச தூரம். வாரத்தில் ஒரு நாள் எந்த வண்டியிலும் ஏறக்கூடாது என்று இருப்பவருக்கு இது பெரிய விஷயம்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பிடித்தது. மறுமலர்ச்சிக்கால ஃப்ளாரன்ஸுக்குத் தாவீது மேல் தீராத மோகம் இருந்தது. தன்னைவிடப் பெரிய எதிரிகளுக்கு நடுவே நின்ற அந்தச் சிறிய குடியரசு, கோலியாத்தை வீழ்த்திய பையனில் தன்னையே பார்த்தது. அதனால் தாவீது, யூதித், ஆபிரகாம், எரேமியா, ஆபகூக் என்று எபிரேய வேதத்தையும் யூத மரபையும் சேர்ந்த ஆட்கள் ஊர் முழுக்க வெண்கலத்திலும் பளிங்கிலும் நிற்கிறார்கள். எபிரேய வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவைச் சிறு வயதிலிருந்து வாரவாரம் கேட்டு வளர்ந்தவர், பக்கத்தில் வழிகாட்டிப் புத்தகத்தோடு நிற்கும் மற்றப் பயணிகளைவிட இந்தச் சிலைகளை நன்றாகவே புரிந்துகொள்வார்.

எங்கே தங்குவது?

ஜெப ஆலயம் இருக்கும் ஃபரீனி தெருவுக்குப் பக்கத்தில், சாந்தம்ப்ரோஜோ சந்தையை ஒட்டிய பகுதியில். ரயில் நிலையத்துக்கு அருகே மலிவாகக் கிடைக்கிறதே என்று பார்க்க வேண்டாம்.

அறையை முன்பதிவு செய்வதற்கு முன்பே கேட்க வேண்டியவை சில உண்டு. கதவுக்கு உலோகச் சாவியா, மின்னணு அட்டையா? அட்டையென்றால் சப்பாத்தில், அதாவது வெள்ளி சூரிய அஸ்தமனத்துக்கு முன்பிருந்து சனி இரவு வரை, அதைப் பயன்படுத்த முடியாது. நடைபாதையில் ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கு இருக்கிறதா? லிஃப்ட் இல்லாமல் ஏறக்கூடிய மாடியில் அறை கிடைக்குமா? பழைய மாளிகைகளைப் பிரித்து நடத்தும் சிறு விடுதிகளில் இன்னும் கனமான பித்தளைச் சாவி கொடுப்பதுண்டு. நவீன ஹோட்டலைவிட இந்த விஷயத்தில் அவை மேல். வெள்ளி மாலை அறைக்குள் மெழுகுவர்த்தி ஏற்ற அநேகமாக எந்த விடுதியும் விடாது. அதற்குப் பதில் மின்விளக்கு வைத்துக்கொள்ளலாமா என்பதைச் சொந்த ஊரிலேயே ரபியிடம் கேட்டுக்கொண்டு வருவது நல்லது.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

கோஷர் என்ற யூத உணவு விதி பன்றி இறைச்சியை விலக்குவதோடு முடிவதில்லை. இறைச்சி முறைப்படி அறுக்கப்பட்டிருக்க வேண்டும், பாலும் இறைச்சியும் சேரக்கூடாது, சமைக்கும் பாத்திரமும் அடுப்பும்கூட அந்த ஒழுங்குக்குள் வர வேண்டும். ஆகவே "நான் சைவம்தான் கேட்டேன்" என்று எந்த இத்தாலிய உணவகத்திலும் உட்கார்ந்துவிட முடியாது. ரிபொல்லீத்தா என்ற காய்கறி-ரொட்டிக் கஞ்சி பார்க்கச் சைவமாக இருக்கும், ஆனால் சிலர் ருசிக்காகப் பன்றிக் கொழுப்பு போட்டிருப்பார்கள். பார்மிஜானோ சீஸை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள். ரபிகளின் கண்காணிப்பு முத்திரை இல்லாமல் அதைத் தொட மாட்டார்கள். ஊரே கொண்டாடும் லாம்ப்ரெதோத்தோ, மாட்டின் நான்காவது வயிற்றை வேகவைத்து ரொட்டிக்குள் வைத்துத் தருவது. வாசனையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, கிடைப்பது என்ன? ஜெப ஆலயத்தை ஒட்டியே ரூத்ஸ் என்ற கோஷர் உணவகம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. இறைச்சி கிடையாது, மீனும் காய்கறியும்தான். ஹபாத் என்ற யூத மத இயக்கத்தின் மையமும் ஊரில் உண்டு. சப்பாத் சாப்பாட்டுக்கு அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். இரண்டு இடத்துக்கும் கிளம்பும் முன்பே எழுதிக் கேளுங்கள். பண்டிகை நாட்களிலும் கோடை விடுமுறையிலும் நேரங்கள் மாறும்.

மற்ற வேளைகளுக்குச் சந்தை இருக்கிறது. பழம், தக்காளி, வெள்ளரி, கொட்டைகள் எல்லாம் முழுதாக வாங்கி அறையில் நறுக்கிக்கொள்ளலாம். சின்னக் கத்தி, தட்டு, மின்சாரக் கெண்டி ஆகியவற்றைச் சொந்தமாகக் கொண்டுவருவது அனுபவசாலிகளின் பழக்கம். கடையில் பால் சேர்க்காத எஸ்பிரெஸோ குடிக்கலாமா என்பதில் ரபிகளுக்குள் இரண்டு கருத்து உண்டு. ஜெலாத்தோவுக்கு முத்திரை வேண்டும். முத்திரையில்லாத கடையில் எலுமிச்சை வகை மட்டும் வாங்கிச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள், கறாரானவர்கள் அதையும் தொடுவதில்லை.

கியான்தி ஒயின் ருசி பார்க்கும் சுற்றுலாவுக்குக் கூட்டிப் போகலாமா?

எல்லோரும் போகும் தோட்டங்களுக்கு வேண்டாம். திராட்சை ரசம் மட்டும் தனி வழக்கு. திராட்சையை நசுக்கிச் சாறாக்குவதிலிருந்து புட்டியை மூடுவது வரை விதி பார்க்கும் யூதர்களின் கையிலேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். பக்கத்து மேசைக்காரர் குடிக்கும் அருமையான ஒயினில் வேறெந்தக் குறையும் இல்லாவிட்டாலும் இவருக்கு அது ஆகாது. ஆனால் கியான்தி கிளாசிக்கோ பகுதியிலேயே தெர்ரா தி செத்தா என்ற முழு கோஷர் ஒயின் தோட்டம் இருக்கிறது. ஒரு புட்டி வாங்கி வெள்ளி இரவு ஆசீர்வாதத்துக்கு வைத்துக்கொண்டால் ஊரின் ருசியும் கிடைத்த மாதிரி ஆயிற்று.

வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை அறையிலேயே அடைந்து கிடப்பாரா?

கிடையாது. ஃப்ளாரன்ஸில் அதுதான் நல்ல நாள் என்றே சொல்வேன்.

முதலில் என்னென்ன முடியாது என்று பார்த்துவிடலாம். பணத்தைத் தொடக்கூடாது, ஃபோன் கூடாது, வண்டி கூடாது, படம் எடுக்கக் கூடாது. வீட்டுக்கு வெளியே எதையும் சுமந்து செல்லக்கூடாது. சில ஊர்களில் ஏருவ் என்று ஓர் எல்லைக் கம்பி கட்டி, அதற்குள் பொருள் எடுத்துச் செல்ல வழி செய்திருப்பார்கள். உள்ளூர் ரபி இருக்கிறது என்று சொன்னாலொழிய, இல்லை என்று வைத்துக்கொண்டே கிளம்ப வேண்டும். அறைச் சாவியை இடுப்புப் பட்டையின் ஒரு பாகமாகவே கோத்துக் கட்டிக்கொள்ளும் வழக்கம் இதற்காகத்தான், அப்போது அது சுமை இல்லை, உடை. மழைக்குக் குடை விரிப்பதும் தடை. நவம்பர் மழையில் போகிறவர் தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துப்போக வேண்டும். இத்தாலியில் பொதுக் கழிப்பறைக்குப் பல இடங்களில் காசு கேட்பார்கள். ஆகவே அறைக்குத் திரும்பி வரும் தூரத்திலேயே சுற்றுவது புத்திசாலித்தனம். இதை எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்லாது.

மியூசியமும் அன்றைக்கு இல்லை. முன்பே டிக்கெட் வாங்கியிருந்தாலும் அதைக் கையில் கொண்டுபோவது, நுழைவாயில் கருவி, பாதுகாப்புச் சோதனை என்று ஒன்று மாற்றி ஒன்று வரும்.

ஆனால் தெரு இருக்கிறதே! காலைத் தொழுகை, மதியச் சாப்பாடு முடிந்து நடந்தால், சிஞ்ஞோரியா சதுக்கத்தில் லோஜ்ஜா தேய் லான்ட்சி என்ற திறந்த மண்டபம். செல்லினியின் பெர்சியஸ், ஜாம்போலோஞ்ஞாவின் சபீனியப் பெண் கவர்தல் எல்லாம் காசு கேட்காமல் நிற்கின்றன. பலாட்சோ வெக்கியோ என்ற நகராட்சி மாளிகை வாசலில் மைக்கலாஞ்சலோவின் தாவீதுக்கு ஒரு நகல். பக்கத்தில் தொனத்தெல்லோவின் யூதித்துக்கும் ஒரு நகல், மூலம் உள்ளே இருக்கிறது. எதிரியின் தலையை வெட்டிய யூதித்தின் கதையை யூத மரபில் ஹனுக்கா பண்டிகையோடு சேர்த்துச் சொல்வார்கள். குழந்தைகளுடன் வந்திருந்தால் கதை சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அங்கிருந்து கதீட்ரல் பக்கம் திரும்பி, அதற்கு எதிரே உள்ள ஞானஸ்நான மண்டபத்தின் கிழக்குக் கதவுகளுக்கு வாருங்கள். சிற்பி கிபெர்ட்டி 1425 முதல் 1452 வரை செய்த பொன் முலாம் பூசிய வெண்கலக் கதவுகள், 'சொர்க்கவாசல்' என்று பெயர். மொத்தம் பத்துப் பலகைகள்: ஆதாமும் ஏவாளும், காயீனும் ஆபேலும், நோவா, ஆபிரகாம், யாக்கோபும் ஏசாவும், யோசேப்பு, மோசே, யோசுவா, தாவீது, கடைசியில் சாலொமோனும் சேபா நாட்டு அரசியும். பத்தில் ஒன்றுகூட எபிரேய வேதத்துக்கு வெளியே இல்லை. இப்போது வாசலில் இருப்பது நகல், மூலம் கதீட்ரல் மியூசியத்தில் இருக்கிறது. கதவு தெருவைப் பார்த்து இருப்பதால் உள்ளே நுழையும் பிரச்சினையே இல்லை. அந்த வாரம் ஜெப ஆலயத்தில் படித்த பகுதி எந்தப் பலகையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விடும். சர்ச் கட்டடத்தின் கதவை உற்றுப் பார்ப்பதே வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு, அவர்களை வற்புறுத்தாதீர்கள்.

கோடையில் சப்பாத் எத்தனை மணிக்கு முடியும்?

ஜூன் கடைசியில் சூரியன் மறையவே இரவு 9 மணி ஆகும், நட்சத்திரம் தெரிந்து சப்பாத் முடியப் பத்தைத் தாண்டிவிடும். டிசம்பரில் மாலை 4:40 வாக்கிலேயே அஸ்தமனம். குளிர்காலத்தில் வெள்ளி மதியம் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் சனி இரவு முழுசாகக் கையில் கிடைக்கும்.

சர்ச்சுகளுக்குள் போவாரா?

பெரும்பாலும் மாட்டார். இருபதாம் நூற்றாண்டின் பெரிய தீர்ப்பாளர்களான மோஷே ஃபைன்ஸ்டைன், ஓவாடியா யோசேப் இருவருமே கலையைப் பார்ப்பதற்காகக்கூடச் சர்ச்சுக்குள் நுழையக்கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். வழிபாடு நடக்காத நேரமாக இருந்தாலும் அது வழிபாட்டு இடம்தான் என்பது அவர்கள் வாதம். மாறுபட்டு நடப்பவர்களும் உண்டு, ஆனால் நண்பரை வாசலில் நிறுத்தி "ஐந்து நிமிஷம்தானே" என்று இழுக்காதீர்கள்.

இதனால் உண்மையாகவே இழப்பு உண்டு, இல்லை என்று சமாதானம் சொல்ல மாட்டேன். ப்ரன்காச்சி சிற்றாலயத்தில் மசாச்சோ வரைந்த சுவரோவியங்கள் போயின. சாந்தா குரோச்சே சர்ச்சில் ஜோத்தோவின் ஓவியங்களும் போயின. ப்ருனெல்லெஸ்கியின் குவிமாடத்தில் 463 படி ஏறுவதும் கதீட்ரல் கட்டடத்தின் வழியாகத்தான். அதற்கு மாற்றாகப் பலாட்சோ வெக்கியோவின் கோபுரத்தில் ஏறலாம். அது நகராட்சிக் கட்டடம், அங்கிருந்து குவிமாடத்தையே எதிரில் பார்க்கலாம். குவிமாடத்தில் ஏறியவருக்கு அது தெரியாது.

சாந்தா குரோச்சேயை வெளியில் நின்றாவது பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் பளிங்கு முகப்பை வடிவமைத்த நிக்கோலோ மாத்தாஸ் ஒரு யூதர். நெற்றியில் பெரிய நீல தாவீது நட்சத்திரம் தெரியும். மைக்கலாஞ்சலோவும் கலிலியோவும் உள்ளே புதைக்கப்பட்டிருக்க, மாத்தாஸுக்குக் கிடைத்தது வாசற்படிக்கு அடியில் ஓர் இடம்.

மியூசியத்தில் தொங்கும் கிறிஸ்தவ ஓவியங்கள்?

வழிபாட்டை விட்டு விலகிக் காட்சிப்பொருளாகிவிட்டவை என்று பலர் இலகுவாக எடுத்துக்கொள்கிறார்கள். முன்னாள் மடமான சான் மார்கோ, ஊரை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் சிற்றாலயங்கள் போன்ற இடங்கள் இரண்டுக்கும் நடுவில் வரும். அங்கேதான் ரபியிடம் கேட்க வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு மியூசியம் என்றால்?

ஓவியங்களுக்குப் பேர்போன உஃபீட்சியும் இல்லை, மைக்கலாஞ்சலோவின் தாவீது இருக்கும் அக்காதேமியாவும் இல்லை, பார்ஜெல்லோ. ஒரு காலத்தில் ஊர் நீதிபதியின் மாளிகை, பிறகு சிறைச்சாலை, இப்போது சிற்பங்களுக்கான தேசிய மியூசியம். தொனத்தெல்லோவின் வெண்கலத் தாவீது, அவரே செய்த பளிங்குத் தாவீது, வெரோக்கியோவின் தாவீது மூன்றும் இங்கே.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. 1401-ல் ஞானஸ்நான மண்டபக் கதவுக்காக ஒரு போட்டி வைத்தார்கள். தலைப்பு, ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போவது. கிபெர்ட்டியும் ப்ருனெல்லெஸ்கியும் செய்த இரண்டு பலகைகளும் இங்கே இருக்கின்றன. ப்ருனெல்லெஸ்கியின் தேவதூதன் பாய்ந்து வந்து ஆபிரகாமின் கையைப் பிடித்துவிடுகிறான். கிபெர்ட்டியின் தூதன் மேலே மிதந்தபடி கை நீட்டுகிறான், தொடவில்லை. தோராவில் உள்ளபடி, தூதன் வானத்திலிருந்து கூப்பிடுகிறான், அவ்வளவுதான். கையைப் பிடிப்பதில்லை. நிற்பதா வெட்டுவதா என்பது அந்தக் கணத்தில் ஆபிரகாமிடமே இருக்கிறது. யூதப் புத்தாண்டின் இரண்டாம் நாள் இந்தப் பகுதியை ஜெப ஆலயத்தில் வாசிப்பார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவர் இந்த இரண்டு பலகைக்கும் முன்னால் நிற்கும்போது என்ன சொல்கிறார் என்று கேட்டுப்பாருங்கள். கலை வரலாற்றுக்காரர்கள் வார்ப்பு நுட்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், இவர் பேசுவது வேறாக இருக்கும்.

உஃபீட்சி, அக்காதேமியா இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. சனியும் இவருக்கு இல்லை என்பதால் ஞாயிறு, செவ்வாய் முதல் வெள்ளி காலை வரை என்று திட்டமிட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு மியூசியங்களில் இலவசம், கூட்டமும் அதற்கேற்ற மாதிரி.

மைக்கலாஞ்சலோவின் தாவீதுக்கு விருத்தசேதனம் இல்லையே, அது அவர்களைச் சங்கடப்படுத்தாதா?

இதை எல்லோரும் கேட்டுவிடுகிறார்கள், கொஞ்சம் குறும்போடு. சிற்பி பின்பற்றியது கிரேக்க, ரோமானிய உடல் இலக்கணத்தை. யூத அரசனின் உடல் எப்படியிருந்திருக்கும் என்பது அன்றைய ஃப்ளாரன்ஸுக்குக் கேள்வியே இல்லை. நிர்வாணம்தான் கட்டுப்பாடானவர்களுக்கு உண்மையான தயக்கம். சிலர் பார்ப்பார்கள், சிலர் அக்காதேமியாவையே தவிர்ப்பார்கள். ஜெருசலேமின் மூவாயிரமாவது ஆண்டு விழாவை ஒட்டி 1995-ல் ஃப்ளாரன்ஸ் ஒரு தாவீது நகலைப் பரிசளிக்க நினைத்தபோது அங்கே மதத் தரப்பில் எதிர்ப்பு வந்தது. கடைசியில் போனது, உடை அணிந்த வெரோக்கியோ தாவீதின் நகல்.

அவர் கோஹன் என்கிறார். அதனால் என்ன?

கோஹன் என்பவர் பழைய ஆசாரியர் வம்சம். பிணம் இருக்கும் கூரைக்குக் கீழே அவர் போகக்கூடாது. யூதரல்லாதவரின் உடலுக்கும் இது பொருந்துமா என்பதில் விவாதம் உண்டு, கறாரானவர்கள் எச்சரிக்கையாகவே இருப்பார்கள். தொல்பொருள் மியூசியத்தில் எகிப்திய மம்மிகள் இருக்கின்றன. மெதிச்சி சிற்றாலயங்கள் முழுக்கக் கல்லறைகள். அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒன்று: கலிலியோ மியூசியத்தில் தொலைநோக்கிகளோடு கலிலியோவின் விரலையும் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஜெப ஆலயத்தைச் சுற்றுலாப் பயணிகள் பார்க்க முடியுமா?

முடியும், சனியும் யூதப் பண்டிகைகளும் தவிர. வெள்ளியன்று சீக்கிரம் மூடிவிடுவார்கள். வாசலில் காவல் இருக்கும், பைகளை வைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கும். ஆண்கள் தலையை மூட வேண்டும். தொழுகைக்கு வருகிறவர்கள், அதுவும் சப்பாத்தில் கடவுச்சீட்டுகூட எடுத்துவர முடியாதவர்கள், சில நாட்களுக்கு முன்பே சமூக அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். பெண்களுக்குத் தனி இடம். தொழுகை முறை செபார்டிக், அதாவது ஸ்பெயின் யூதர்களின் வழி, போலந்து வழி மெட்டுகளில் பழகியவருக்கு முதலில் கொஞ்சம் தடுமாறும்.

டேவிட் லேவி என்பவர் சொத்தையெல்லாம் எழுதிவைத்துப் போனதில் 1874-ல் தொடங்கி 1882-ல் திறக்கப்பட்ட கட்டடம் இது. யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவிலிருந்து விடுபட்ட சமூகம், சர்ச்சைப் போல இல்லாமல், மறைந்தும் இல்லாமல் ஒரு கோயில் வேண்டும் என்று ஸ்பெயின் முஸ்லிம்களின் கட்டடக்கலையை ஒட்டிய மூரிஷ் பாணியைத் தேர்ந்தெடுத்தது. செம்புக் குவிமாடம் பச்சையேறி, குன்றின் மேலிருந்து பார்த்தால் தனியாகத் தெரியும். போரில் நாஜிகள் இதைக் கிடங்காகவும் வாகனக் கொட்டகையாகவும் பயன்படுத்தினார்கள். 1944-ல் பின்வாங்கும்போது வெடி வைத்துவிட்டுப் போனார்கள். இத்தாலிய எதிர்ப்புப் போராளிகள் பெரும்பகுதியைச் செயலிழக்க வைத்ததால் கட்டடம் தப்பியது. தோராச் சுருள்கள் வைக்கும் பேழையின் கதவுகளில் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திய தழும்புகளை இன்றும் பார்க்கலாம், அவற்றைப் பூசி மறைக்கவில்லை. 1966 நவம்பர் வெள்ளத்தில் ஆர்னோ ஆறு இங்கேயும் புகுந்து பல தோராச் சுருள்களைக் கெடுத்தது.

நாத்தன் கசூத்தோவின் பெயரையும் தெரிந்துகொண்டு போங்கள். கண் மருத்துவர், போர்க்காலத்தில் இந்த ஊரின் ரபி. யூதர்களை ஒளித்துவைக்கும் வேலையை நடத்திக்கொண்டிருந்தபோது 1943 நவம்பரில் பிடிபட்டு ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார், திரும்பவில்லை. அந்த வேலையில் ஊர்ப் பேராயர் எலியா தல்லா கோஸ்தாவும் துணை நின்றார். சைக்கிள் வீரர் ஜீனோ பர்த்தாலி பயிற்சி என்ற பெயரில் போலி ஆவணங்களைச் சைக்கிளுக்குள் மறைத்துக் கடத்தினார்.

பழைய கெட்டோ எங்கே?

இல்லை. ஊரை ஆண்ட மெதிச்சி குடும்பத்து முதலாம் கோசிமோ 1571-ல் யூதர்களை அடைத்த அந்தப் பகுதி, பழைய சந்தையோடு சேர்த்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இடித்துத் தள்ளப்பட்டது. இப்போது குடியரசுச் சதுக்கம் இருக்கும் இடம்தான். அங்கே பெரிய வளைவில், நூற்றாண்டுகளின் அசுத்தத்திலிருந்து ஊரின் பழைய மையத்துக்குப் புதுவாழ்வு தந்ததாக 1895-ல் பெருமையோடு பொறித்திருக்கிறார்கள். அசுத்தம் என்று சொன்னதில் யாரை அடைத்துவைத்திருந்தார்கள் என்பது வளைவில் இல்லை. ராட்டினம் சுற்றுகிறது, காப்பிக் கடைகள் இருக்கின்றன.

ஒரு நாள் வெளியூர் போக?

சியேனாவில் 1786-ல் கட்டிய ஜெப ஆலயம், பிரதான சதுக்கத்துக்குப் பின்னால் சின்னச் சந்தில் இருக்கிறது. லிவோர்னோ யூதர்களை அடைக்காமல் வரவேற்ற துறைமுகம், கெட்டோவே இருந்ததில்லை. எனக்குப் பிடித்தது பித்திலியானோ, பாறை மேல் தொங்கும் ஊர், 'சின்ன ஜெருசலேம்' என்பார்கள். அங்கே தேனும் அக்ரூட்டும் அடைத்த கோல் போன்ற ஸ்ஃப்ராத்தோ என்ற பலகாரம் உண்டு. யூதர்களை வீட்டைவிட்டு வெளியேற்றக் கதவைத் தட்டிய கோலின் நினைவாம். ஆனால் பொது வாகனத்தில் ஒரே நாளில் போய்த் திரும்புவது சிரமம், கார் வேண்டும்.

நான் யூதர் இல்லை, கூடப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

சப்பாத்தில் "நான் வேண்டுமானால் லிஃப்ட் பட்டனை அழுத்தித் தரட்டுமா" என்று கேட்கத் தோன்றும். யூதரல்லாத ஒருவரிடம் நேராகச் சொல்லி வேலை செய்யவைப்பதும் அவருக்குத் தடைதான். நீங்கள் உங்களுக்காகக் கதவு திறக்கும்போது அவர் பின்னால் வருவது வேறு விஷயம். அவர் படத்தை அன்றைக்கு எடுக்காதீர்கள். சாப்பிடும்போது உங்கள் தட்டிலிருந்து எடுத்துக்கொடுக்காதீர்கள், அன்பாகத்தான் என்றாலும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வெள்ளிக்கிழமை. ரோமிலிருந்தோ வெனிஸிலிருந்தோ வெள்ளி மதிய ரயிலில் வருவதாகத் திட்டம் போடாதீர்கள். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வெள்ளிக்கிழமைகளில்தான் வரும். நடுவழியில் நின்றால் உங்களுக்கு அது தாமதம். அவருக்கோ அஸ்தமனத்தில் அந்த நிலையத்திலேயே பயணம் முடிந்துவிடும், மறுநாள் இரவு வரை. வியாழனே வந்துவிடுங்கள்.